ஒரு பொட்டலம் எள்

அத்தியாயம் பதினான்கு

அப்பாவின் படத்தைக் கல்கத்தாவில் நம்மவர்கள் நடத்தும் சபையில் திறந்து வைப்பதற்கு நாள் குறித்தது நான் இல்லை. சபைத் தலைவர் ஸ்ரீனிவாசராகவன் குறித்தார். 1920-ஆம் வருஷம், கார்த்திகை இரண்டாம் தேதி, புதன்கிழமை, மாலை ஐந்தரை மணி. திதி என்னவென்று நான் பஞ்சாங்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டைத் தெரியும். பவானிபூரில் மாடி வீடு. கீழே வீட்டுக்காரர்களான வங்காளிக் குடும்பம், மேலே நாங்கள். நான் ராஜாராமன், தந்தி இலாகாவில் சூப்பரின்டெண்டென்ட். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. என் தகப்பனார் வெங்கடசுப்ரமணியன் பர்மா யுத்தத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரி உதவியாளராக இருந்து வெள்ளிப் பதக்கம் பெற்றவர். முந்தின வருஷம் ஆடியில் காலமானார். வருஷாப்திகமும் முடிந்திருந்தது.

படத்திறப்பன்று மேஜைமேல் வைப்பதற்காகப் பதக்கத்தை எடுக்கப் போன என் மகள் ஜலஜா, அப்பாவின் பெட்டியில் ஒரு துணிப் பொட்டலத்தைக் கண்டெடுத்ததைச் சென்ற வாரம் சொன்னேன். பொட்டலத்தில் கறுப்பு எள்ளும், காய்ந்துபோன தர்ப்பைப் பவித்திரம் ஒன்றும் இருந்தன. அதே நாளில் என் தம்பி அனந்தகிருஷ்ணன், சபையில் தான் பேசப்போவதாகவும் 'அப்பாவின் இரண்டாம் பூணூல்' கதையைச் சொல்லப்போவதாகவும் அறிவித்தான். கூடாது என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1886 முடிவில், கும்பகோணம் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குப் பர்மாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பா காலராவில் இறந்துவிட்டார், தகனம் அங்கேயே ஆகிவிட்டது என்று அதில் இருந்தது. எனக்குப் பதினாலு வயது. தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைத்து, பத்து நாள் காரியமும் செய்தேன். பிறகு மாசாமாசம் சப்தமி திதியில் மாசிகம் செய்தேன். ஒன்பதாம் மாதம் அப்பா உயிரோடு வந்து வாசலில் நின்றார்.

காரியம் ஆகிவிட்ட மனிதன் திரும்பி வந்தால் அதற்குச் சாஸ்திரத்தில் வழி இருக்கிறது. அவன் மறுபடி பிறக்க வேண்டும். அப்பாவை நெய்யும் ஜலமும் விட்ட அண்டாவில் உட்கார வைத்து எழுப்பினார்கள். பிறந்த குழந்தைக்குச் செய்யும் சடங்கைச் செய்து பெயர் வைத்தார்கள். பூணூல் போட்டார்கள். அதன் பிறகு அம்மாவுக்கே மறுபடி தாலி கட்டச் சொன்னார்கள்.

அந்தக் கணக்கில் அப்பா என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். 'உங்கப்பனை எப்போடா பள்ளிக்கூடத்திலே சேக்கப்போறே' என்று ஊர்ப் பையன்கள் கேட்டார்கள். கல்கத்தாவுக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் இந்தக் கதை எங்கள் வாசலைத் தாண்டவில்லை. தாண்டாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

*

படத்திறப்பு நாள் காலை எட்டரை மணிக்கு நான் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டில் ஜகத்தாத்ரி பூஜைக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. டாக் என்கிற பெரிய மேளம் கொட்டுகிறவர்கள் முற்றத்தில் தோலைக் காயவைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜலஜா பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு அப்போது பதினேழு வயது. சிம்லாவில் உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை லீவு கிடைக்காமல் இவளை மட்டும் தீபாவளிக்கு அனுப்பியிருந்தார். படத்திறப்பைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று தங்கிவிட்டாள்.

"அப்பா, இன்னிக்கு சப்தமி" என்றாள்.

"அதுக்கென்ன?"

"காளிகாட் படித்துறைக்கு யார் போறா?"

எனக்குப் புரியவில்லை. அவளே விஷயத்தைச் சொன்னாள். கார்த்திகை மாதத்து வளர்பிறைச் சப்தமியில் அப்பா ஒவ்வொரு வருஷமும் காளி கோயிலை ஒட்டி ஓடும் ஆதி கங்கைப் படித்துறைக்குப் போவார். வீட்டில் காளி தரிசனம் என்று சொல்லிக்கொள்வார். ஜலஜா ஏழு வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை கூடவே போயிருக்கிறாள். அன்றைக்கு மட்டும் கோட்டில் பதக்கத்தைக் குத்திக்கொள்வாராம். ஸ்நானத்துக்கு இறங்கும்போது கோட்டைக் கழற்றி இவளிடம் கொடுத்து, 'கீழே வைக்காதே' என்பாராம். இவள் படியில் உட்கார்ந்து, அவர் ஏறி வரும்வரை மடியில் வைத்துக்கொண்டிருப்பாளாம்.

கார்த்திகைச் சப்தமி எனக்கு மறக்கவில்லை. பர்மாக் கடிதத்தில் கண்ட தேதிக்குத் திதி அதுதான். இறந்துவிட்டதாக எண்ணப்பட்ட தனக்கே அப்பா தர்ப்பணம் செய்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். தனக்கே தர்ப்பணமா, வயதானவரின் விபரீதமான யோசனை என்றேன்.

"தாது தனக்குப் பண்ணிக்கலைப்பா. காத்தான்னு ஒருத்தருக்குப் பண்ணினார்."

அவள் அப்பாவை 'தாது' என்றுதான் சொல்வாள், வங்காளிக் குழந்தைகளைப் போல. தாத்தா என்று சொல்லச் சொல்லி நான் அலுத்துப்போனேன்.

"யார் காத்தான்?"

"பட்டாளத்திலே டோலி தூக்கினவராம்."

"என்ன கோத்திரம்?"

"காசியபம்னு சொல்லுவார்."

கோத்திரம் தெரியாதவர்களுக்குத்தான் காசியபம் சொல்வார்கள். எந்த ஜாதி, எந்த ஊர் என்று தெரியாத ஒருவனுக்கு என் தகப்பனார் பூணூலை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு எள்ளும் ஜலமும் விட்டிருக்கிறார். அதை என் பெண் படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். இந்த விஷயம் சபையில் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்பதைத்தான் நான் முதலில் நினைத்தேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

தாத்தா செய்ததெல்லாம் வீட்டு வழக்கம் ஆகிவிடாது என்றேன். அவள் பொட்டலத்தை நீட்டினாள்.

"பொம்மனாட்டி பண்ணலாம்னு இருந்தா உங்களைக் கேட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

பேச்சை முடிப்பதற்காகப் பொட்டலத்தை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். சமையலறை வாசலிலிருந்து என் மனைவி நாகலக்ஷ்மி, இலை போட்டாகிவிட்டது என்றாள். பசியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நான் சாப்பிடாமல் ஆபீஸ் போனது அன்றுதான். அவள் ஜலஜாவைப் பார்த்தாள்.

*

அப்பாவைப் பற்றிச் சபையில் படிக்க ஒரு பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு எழுதியிருந்தேன். பிறந்த வருஷம், படிப்பு, பட்டாளத்தில் சேர்ந்த வருஷம், 'பர்மா யுத்தத்தில் பணிபுரிந்து பதக்கம் பெற்றார்' என்று ஒரு வரி, ஓய்வு, கல்கத்தா வாசம். டிராமில் அதை மறுபடி படித்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் இருந்த மனிதர் அதில் இல்லை.

வீட்டில் இருந்தவர் காலை ஏழு மணிக்குக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி நாக்கை நீட்டச் சொல்வார். கண் இமையை விலக்கிப் பார்ப்பார். நகத்தைப் பார்ப்பார். கீழ் வீட்டுக் குழந்தைகளும் மாடியேறி வந்து வரிசையில் நிற்கும். ஜலஜாவுக்கு வங்காளி எழுத்துச் சொல்லிக் கொடுக்க வந்த வாத்தியாரிடம், அறுபது வயதுக்குமேல் தானும் சிலேட்டோடு உட்கார்ந்தார். அவளை டிராமில் ஏற்றி டாலிகஞ்ச் கடைசி வரை போய், இறங்காமல் அதே டிராமில் திரும்பி வருவார். எதற்கு என்று கேட்டால், அவளுக்குக் காற்று வேண்டும் என்பார்.

எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். வீட்டில் காய்ச்சாத தண்ணீர் ஒரு சொட்டு யாரும் குடிக்க முடியாது. விடியற்காலையில் எழுந்து பெரிய பாத்திரத்தில் தண்ணீரை வைத்து, கொதித்து அடங்கும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த வேலையை யாரிடமும் விடமாட்டார். தெருவில் அவருக்கு 'கொரோம் ஜோல் தாது', அதாவது வெந்நீர்த் தாத்தா என்று பெயர். நான் அதைப் பட்டாளத்துப் பழக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

*

பகல் ஒரு மணிக்கு ஆபீஸில் சொல்லிவிட்டு அலிப்பூர் கோர்ட்டுக்குப் போனேன். தம்பி அனந்தகிருஷ்ணன் அங்கே வக்கீல். எனக்குப் பதினாறு வயது சின்னவன். அப்பா திரும்பி வந்த மறு வருஷம் பிறந்தவன்.

ஆலமரத்தடியில் முத்திரைக் காகிதம் விற்கிறவர்களுக்கும் மனு எழுதுகிறவர்களுக்கும் நடுவில் அவனுக்கு ஒரு மேஜை உண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தான்.

"அண்ணா கோர்ட்டுக்கு வந்தா ஊர்லே ஏதோ பெரிய கேஸ்னு அர்த்தம்" என்றான்.

சாயங்காலம் அவன் அந்தக் கதையைச் சொல்லக்கூடாது என்று மறுபடியும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபம் வராது. அது என் பங்குக்கே சரியாகப் போய்விட்டது என்று வீட்டில் சொல்வார்கள். பேச்சு நன்றாக வந்திருக்கிறது, எல்லாரும் ரசிப்பார்கள், அப்பாவே இருந்திருந்தால் சிரித்திருப்பார் என்றான். அண்டாவிலிருந்து அப்பா தும்மிக்கொண்டு எழுந்த இடத்தை எனக்கு நடித்தும் காட்டினான்.

"நான் ரெண்டாவது கல்யாணத்துப் பிள்ளை. எனக்கே வெக்கம் இல்லை. உங்களுக்கு ஏன்?"

"அந்த ஒன்பது மாசம் அம்மா எப்படி இருந்தான்னு உனக்குத் தெரியுமா?"

அவன் என்னைப் பார்த்தான். தெரியாது. தெரிந்திருக்க வழியில்லை. அம்மா சொல்லவில்லை, அப்பா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

நான் சொன்னேன். பத்தாம் நாள் விடியும் முன் அம்மாவைக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போனார்கள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. திரும்பி வரும்போது தலையில் முடி இல்லை. வெள்ளைப் புடவை. நான் தர்ப்பணம் செய்துகொண்டிருந்த இடத்திலிருந்து பார்த்தேன். மந்திரம் நிற்கக்கூடாது என்று வாத்தியார் என் தொடையில் தட்டினார். அதற்குப் பிறகு ஒன்பது மாதத்தில் நாவிதன் மூன்று முறை வந்தான்.

"அப்பா ரெண்டாந்தரம் தாலி கட்டின அன்னிக்கு அம்மா தலையிலே முடி ரெண்டு விரக்கடை. பூ நிக்கலை. சித்தி ஒரு கறுப்புத் துணியைக் கட்டி அதுலே பூவைத் தெச்சு விட்டா. கதையிலே அந்த இடத்தை எப்படி நடிச்சுக் காட்டுவே?"



மொட்டச்சியைக் கட்டிக்கொண்டவன் என்று ஊரில் அப்பாவைச் சொன்னார்கள். மறு வருஷம் பிறந்த குழந்தையை என்ன சொன்னார்கள் என்பதை நான் அவனிடமும் சொல்லவில்லை, இங்கும் எழுதமாட்டேன். வங்காளத்தில் சுமங்கலிகள் தலையில் முக்காடு போடுவார்கள். முடி வளர்ந்த பிறகும் தலையை மூடுகிற பழக்கம் அம்மாவுக்குப் போகவில்லை; இந்த ஊருக்கு வந்த முதல் நாளிலிருந்து அவளும் முக்காடு போட்டுக்கொண்டாள். இங்கே யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்குக் கல்கத்தா பிடித்துப்போனதற்கு அது ஒன்றே காரணமாக இருந்திருக்கலாம்.

"எங்கிட்ட யாரும் இதைச் சொல்லலையே, அண்ணா."

"யாரும் சொல்லாம இருக்கத்தான் நான் இருக்கேன்."

அவன் சட்டைப் பையிலிருந்து பேச்சை எழுதிய காகிதங்களை எடுத்து, நாலாக மடித்து, மேஜைக் காலின் கீழ் வைத்தான். மேஜை ஆடுவது நின்றது. அதோடு விஷயம் முடிந்தது என்று எழுந்தேன். உட்காரச் சொன்னான்.

பேச்சில் இன்னொரு இடம் இருக்கிறது, அதை என்ன செய்வது என்று கேட்டான். எந்த இடம் என்றேன். அப்பா பிழைத்தது எப்படி என்கிற இடம் என்றான். அது எனக்குத் தெரியாது. கடிதத்தில் தவறு நேர்ந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் ஜுரமாகக் கிடந்தேன், இரண்டு கடிதம் எழுதினேன் என்று மட்டும் அப்பா சொல்லியிருந்தார். அந்தக் கடிதங்கள் எங்களை வந்து சேரவில்லை. அதற்குள் மாமா எங்களைத் தன் ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்.

தம்பி தன் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு முத்திரைக் காகிதத்தை எடுத்தான். மூன்று வருஷத்துக்கு முன் அப்பா தனியாக டிராம் ஏறிக் கோர்ட்டுக்கு வந்து, பிரமாண வாக்குமூலம் எழுத வேண்டும் என்றாராம். எந்த வழக்குக்கு என்று இவன் கேட்டதற்கு, வழக்கு இல்லை, சத்தியம் செய்து எழுதிவைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாராம்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றேன்.

"அப்பாதான் வேண்டாம்னார். 'ராஜாராமன்கிட்டே சொன்னா பிராயச்சித்தம் கேப்பான்'னார்."

வாக்குமூலம் கோர்ட்டு இங்கிலீஷில் இருந்தது. நான் தமிழில் தருகிறேன்.

'வெங்கடசுப்ரமணியன் ஆகிய நான் சத்தியமாகச் சொல்வது. 1886 கார்த்திகையில் ஐராவதி ஆற்றுக்கு மேற்கே எங்கள் படைப்பிரிவு போய்க்கொண்டிருக்கையில் ஜுரத்தால் விழுந்தேன். என்னை ஆற்றங்கரைக்கு அனுப்பினார்கள். டோலி தூக்கிய நால்வரில் மூவர் முதல் நாளே நோயில் விழுந்தார்கள். காத்தான் என்பவன் டோலியை விட்டுவிட்டு என்னை முதுகில் கட்டிக்கொண்டு இரண்டு நாள் நடந்து படகில் சேர்த்தான். அவன் மேலுக்கு ஒன்றும் இல்லாமல் நடுங்கினான். என் கம்பளிக் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டுப் பொத்தான்களை நானே மாட்டினேன். உள் பையில் என் பெயரும் ஊரும் எழுதிய காகிதம் இருந்தது. அதை எடுக்க மறந்தேன்.

'அவன் திரும்பும் வழியில் குட்டைத் தண்ணீரைக் குடித்துக் காலரா கண்டு இறந்தான் என்று ஐந்து மாதம் கழித்துத் தெரிந்துகொண்டேன். அவனைக் கண்டெடுத்த வேறு பிரிவினர் பையில் இருந்த காகிதத்தைப் பார்த்து அவனை நான் என்று எண்ணித் தகனம் செய்து என் வீட்டுக்கு எழுதினார்கள். அவனுடைய ஊர் எது, குலம் எது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு நாள் அவன் முதுகில் இருந்தேன். கேட்கவில்லை.

'என் மூத்த மகன் எனக்கென்று செய்த காரியங்கள் அவனைச் சேர்ந்தன என்று நம்புகிறேன்.'

கீழே அப்பாவின் கையெழுத்து. சாட்சிகள் இரண்டு பேர், இரண்டு பேரும் வங்காளி குமாஸ்தாக்கள்.

நான் இரண்டாவது முறை படிக்கவில்லை. காகிதத்தை மடித்துக் கொடுத்தேன். தம்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிராயச்சித்தம் கேட்பேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ.

"மணி என்ன?"

"மூணு ஆகப்போறது."

சாஸ்திரம் பிற்பகல் என்று சொல்கிற வேளை முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. தர்ப்பணத்துக்கு அதுதான் காலம். அலிப்பூருக்கும் காளிகாட்டுக்கும் நடுவில் ஆதி கங்கைதான், பாலத்தைத் தாண்டினால் படித்துறை. கூட வரட்டுமா என்று தம்பி கேட்டான். வேண்டாம், நீ சபைக்குப் போ என்றேன். எனக்கு நேரமானால் நான் எழுதிய குறிப்பைப் படித்து ஆரம்பித்துவிடச் சொல்லி, காகிதத்தை அவனிடம் கொடுத்தேன்.

*

காளிகாட்டில் நம்மவர்களுக்குச் செய்துவைக்கிற மஹாதேவ சாஸ்திரி கோயில் சந்திலேயே குடியிருந்தார். பகல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். தெரிந்தவர்தான், அப்பாவின் வருஷாப்திகத்தை நடத்தியவர்.

ஆற்றில் ஓதம் வடிந்து தண்ணீர் கீழே போயிருந்தது. கடைசி மூன்று படிகளில் சேறு. கோட்டைக் கழற்றி வைக்க இடம் தேடினேன்.

"இங்கே கொடுங்கோ" என்று குரல் கேட்டது.

மேல் படியில் ஜலஜா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணைக்குக் கீழ் வீட்டு மருமகள், ஜலஜா 'பௌதி' என்று கூப்பிடுகிறவள், குங்குமத் தட்டோடு. காளி கோயிலுக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்ள அந்தத் தட்டு.

"நான் வருவேன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. காலம்பற சாப்பிடாம போனேளே."

கோபத்தில் சாப்பிடவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கோட்டை அவளிடம் கொடுத்தேன். படியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஸ்நானம் செய்து ஈர வேஷ்டியோடு உட்கார்ந்தேன். சாஸ்திரி பவித்திரத்தை முடிந்துகொண்டே கேட்டார்.

"யாருக்கு?"

"காத்தான்."

முடிச்சுப் போடுகிற கை நின்றது. பிறகு மறுபடி ஓடியது. "என்ன கோத்திரம்?"

"தெரியாது. காசியபம்னு சொல்லிடலாம்."

"வேண்டியவாளா இருந்தா, காருண்ய பித்ருக்கள்னு மத்தவாளோடே சேத்து ஒரு வரியிலே சொல்லிடலாமே."

"தனியாப் பண்ணணும்."

"தனியான்னா உறவு சொல்லணும். சிநேகிதரா?"

"இல்லை. நான் பார்த்ததில்லை."

"பின்னே உங்களுக்கு அவர் யார்?"

மேல் படியில் ஜலஜா அசையாமல் இருந்தாள். அவளுக்கும் இது தெரியாது.

"நான் அவருக்குக் கொள்ளி வெச்சவன்" என்றேன். "பதினாலு வயசுலே. பத்து நாளும் பண்ணியிருக்கேன், மாசிகமும் பண்ணியிருக்கேன். வருஷாப்திகம்தான் பாக்கி."

சாஸ்திரி சாப்பிட்டாகிவிட்டதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். சரி என்று பவித்திரத்தை நீட்டினார்.

பூணூலை இடம் மாற்றிக்கொண்டேன். அப்பாவின் எள் பழசாகியிருந்தது, ஆனால் பூச்சி விழவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மூன்று முறை ஜலம் விட்டேன். மூன்று முறையும் அந்தப் பெயரைச் சாஸ்திரி சொல்லவில்லை. நான் சொன்னேன்.

*

படியிலேயே வெகு நேரம் உட்கார்ந்துவிட்டோம்; சபைக்குப் போய்ச் சேரும்போது ஆறேகால். தலை காயவில்லை. அறுபது எழுபது பேர் இருந்தார்கள். இடப் பக்கம் திரை கட்டி அதன் பின்னால் பெண்கள். நாகலக்ஷ்மி முன்னதாகவே வந்திருந்தாள். ஜலஜா அவளிடம் போய் உட்கார்ந்தாள். மேடையில் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. எதிரே சின்னத் தட்டில் பதக்கம்.

தம்பி என் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தான். நான் கதவருகே நின்றபோது, 'பர்மா யுத்தத்தில் பணிபுரிந்து பதக்கம் பெற்றார்' என்ற வரிக்கு வந்திருந்தான். என் ஈரத் தலையைப் பார்த்தான். காகிதத்தை மடித்தான்.

"மிச்சத்தை அண்ணா சொல்லுவார்" என்று இறங்கிவிட்டான்.

நான் அவனிடம் அப்படிச் சொல்லவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடைக்கு நடப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எனக்குச் சபையில் பேசிப் பழக்கமில்லை. அலங்காரமாகச் சொல்லத் தெரியாது. என் தகப்பனார் யுத்தத்தில் பிழைத்தது காத்தான் என்கிற டோலி தூக்குகிறவரால் என்றேன். அவர் என் தகப்பனாரின் கோட்டோடு இறந்துபோனதைச் சொன்னேன். கோட்டில் இருந்த காகிதத்தால் வந்த தவறையும், நான் காரியம் செய்ததையும், ஒன்பது மாதம் கழித்து அப்பா திரும்பி வந்ததையும், சாஸ்திரப்படி மறுபடி சடங்குகள் செய்ததையும் சொன்னேன். வருஷா வருஷம் கார்த்திகைச் சப்தமியில் அப்பா அவருக்குத் தர்ப்பணம் செய்தார், இன்று நான் செய்துவிட்டு வருகிறேன், இனிமேலும் செய்வேன் என்றேன். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லி முடித்தபோது யாரும் கை தட்டவில்லை. இரண்டாவது வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார். இன்னொருவர் போகலாமா என்று யோசித்து, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். கீழே தெருவில் டிராம் மணி அடித்துக்கொண்டு போயிற்று.

தலைவர் ஸ்ரீனிவாசராகவன் எதையும் விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர். தேதி விட்டுப்போனால் கேட்பார், பெயர் விட்டுப்போனால் கேட்பார். அவரிடம் துவேஷம் கிடையாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒன்பது மாசம்னு சொன்னேள். அந்த ஒன்பது மாசமும் உங்க தாயார்?"

முதல் வரிசையில் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அந்த இடத்தில் பதில் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுபோயிற்று. நாகலக்ஷ்மிக்குத் தெரியாது. முப்பது வருஷம் அம்மாவைப் பற்றி அவள் கேட்டதற்கெல்லாம் நான் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன், அந்தக் காலத்து மனுஷி என்று.

யாரும் கேட்கக்கூடாது என்று நான் காத்துவந்த கேள்வி, யாரும் குற்றம் சொல்ல முடியாத குரலில் கேட்கப்பட்டுவிட்டது.

மேஜையில் ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தது. காலையிலிருந்து நான் எதுவும் குடிக்கவில்லை. எடுத்தேன். காய்ச்சின தண்ணீர்தானா என்று கேட்டேன். இல்லை என்றார்கள்.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நாகலக்ஷ்மிக்கும் கேட்கும்படி பதில் சொல்லத் திரைப் பக்கமாகத் திரும்பி நின்றேன்.